மகனுக்கு மாமாவின் நோய் வந்துவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. மூன்று மாதமாக யாருடனும் பேசுவதில்லை. பெயர் சொல்லி யாரோ கூப்பிடுவதுபோல் கேட்கிறது என்கிறான். சாப்பாட்டை முகர்ந்து பார்க்கிறான். என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் உண்டு. தம்பியின் மாத்திரையில் பாதியைப் பொடித்து நான்கு நாளாக மகனுக்குச் சாம்பாரில் கலந்து தருகிறேன். இணையத்தில் ஒரு சோதனை செய்தேன், 'அபாயம்' என்று வந்தது. மகன் அவன் அப்பா திட்டித் திட்டித்தான் இப்படி ஆனானா?

பதில்: அம்மா, முதலில் சாம்பாரில் மாத்திரை கலப்பதை நிறுத்துங்கள். சாப்பாட்டில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படும் பிள்ளையின் தட்டில் உண்மையிலேயே எதையோ கலந்துவிட்டீர்கள். தெரியவந்தால் உங்களை எப்படி நம்புவான்? இந்த ஆரம்ப நிலையில் பெரும்பாலும் மருந்தைவிடப் பேச்சு வழிச் சிகிச்சையும் குடும்பத்துக்கான ஆலோசனையும்தான் முதலில் வரும்.

இணையச் சோதனையை மறந்துவிடுங்கள். மாமாவுக்கு இருந்தால் மருமகனுக்கும் வந்தே தீரும் என்பதில்லை. மருத்துவர்களே முறையாகப் பரிசோதித்து அபாய நிலை என்று சொன்ன இளைஞர்களிலும், மூன்று ஆண்டுகளுக்குள் முழு நோயாக மாறுவது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான்.

அப்பா திட்டியதால் இந்த நோய் வராது. ஆனால் வந்த தொல்லை தணிவதும் முற்றுவதும் வீட்டுப் பேச்சைப் பொறுத்தும் இருக்கிறது. குறை சொல்லும், வெறுப்பைக் காட்டும் வீட்டுக்குத் திரும்பும் நோயாளிக்கு நோய் மீண்டும் வருவது அதிகம் என்பதை லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர் தொடங்கிவைத்த ஆய்வுகள் காட்டின. 1987இல் வெளியான சண்டிகர் ஆய்விலும் பகைமைப் பேச்சு அப்படித்தான் வேலை செய்தது. 'உன் மாமன் மாதிரியே ஆகப்போகிறாய்' என்ற பேச்சு இனி வீட்டில் கூடாது. நாள் முழுக்க அவன் அறை வாசலில் நிற்பதும் வேண்டாம். அளவு மீறிய கவலையும் அவனை நெருக்கும். குரல் பொய் என்று வாதாடாதீர்கள். 'அது கேட்கும்போது பயமாக இருக்கிறதா?' என்று கேளுங்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிட வேண்டாம். குளித்தான், சேர்ந்து சாப்பிட்டான் என்றால் அதைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு. இன்று அவன் 'கேட்பதுபோல் இருக்கிறது' என்கிறான்; அந்த 'போல்' இருக்கும்வரை அவகாசம் உண்டு. 'நிச்சயமாகக் கூப்பிடுகிறார்கள், விஷம் வைத்துவிட்டார்கள்' என்று உறுதியாகச் சொல்லி, சாப்பிட மறுத்தாலோ கதவைத் தாழிட்டுக்கொண்டாலோ அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். சாக வேண்டும் என்று பேசினாலும், யாரையாவது தாக்கச் சொல்லிக் குரல் கேட்டாலும் அப்படியே.

அந்த நிலை வரும்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தூக்கம் கெட்டிருந்தால் அதைச் சொல்லியே அழைக்கலாம். பொய் சொல்லிக் கூட்டிப் போக வேண்டாம். வர மறுத்தால் 14416இல் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் ஆலோசகரிடம் நீங்களே பேசுங்கள். கஞ்சா பழக்கம் உண்டா என்பதை மருத்துவர் அவனைத் தனியாகக் கேட்பார். நீங்கள் விசாரணை நடத்த வேண்டாம். நான்கு நாள் கொடுத்த மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.