‘ஹார்வெஸ்ட்’டுக்கு ரைம் கிடைக்குமா?

கேள்வி: மகள் தரம் 9 படிக்கிறாள். பாடசாலை ஆங்கில தினத்துக்கு இரணைமடுக் குளத்தையும் வயலையும் வைத்து ஒரு கவிதை எழுதுகிறாள். ஒரு வரி ‘ஹார்வெஸ்ட்’ (அறுவடை) என்று முடிகிறது. அதற்கு ரைம் கிடைக்காமல் அப்படியே நிற்கிறாள். போனில் தேடினால் யாரும் பேசாத சொற்கள்தான் வருகின்றன. ரைம் தேடுவதற்கு ஏதாவது முறை இருக்கிறதா?
– ஒரு தாய், கண்டாவளை

பதில்: முறை இருக்கிறது. அதற்கு முதல் ஒன்று: ‘ஹார்வெஸ்ட்’டுக்கு முழுமையாகப் பொருந்துகிற வழக்குச் சொல் ஆங்கிலத்தில் இல்லை. எனவே மகளில் பிழை இல்லை. கிட்டத்தட்ட ஒத்துப்போகிற சொற்கள் உண்டு: ‘ஹார்டெஸ்ட்’ (மிகக் கடினமான), ‘லார்ஜெஸ்ட்’ (மிகப் பெரிய), ‘ஆர்ட்டிஸ்ட்’ (கலைஞர்). இவற்றில் ‘ஹார்டெஸ்ட்’ மிக நெருக்கம். நடுவில் ஒரே ஒரு மெய்யொலிதான் வேறு.

எங்கள் காது எதுகைக்குப் பழகியது. குளம், வளம் என்று அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தைப் பொருத்துவோம். ஆங்கில ரைம் அடியின் கடைசியில் வரும். எங்கள் இலக்கணத்தில் இயைபுதான் அதற்குக் கிட்ட. ஆனால் கடைசி எழுத்து ஒத்தால் மட்டும் போதாது. சொல்லில் குரல் எந்த இடத்தில் அழுத்துகிறதோ, அந்த உயிரொலியில் இருந்து சொல் முடியும் வரை எல்லா ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு முன்னால் நிற்கும் மெய்யொலி மட்டும் மாற வேண்டும்.

‘டிராக்டர்’ என்ற சொல்லை எடுங்கள். அழுத்தம் முதல் அசையில். ‘ஆக்டர்’ (நடிகர்), ‘ஃபாக்டர்’ (காரணி) இரண்டும் அதற்கு முழு ரைம். ‘டொக்டர்’ அரை ரைம்தான். பின்பாதி ஒன்று, உயிரொலி வேறு. ‘வோட்டர்’ (தண்ணீர்) அதுவும் இல்லை. கடைசியில் ‘டர்’ இருக்கிறதே என்று பிள்ளைகள் அடிக்கடி சேர்த்துவிடுவார்கள். ‘வோட்டர்’ சேர வேண்டியது ‘டோட்டர்’ (மகள்) என்ற சொல்லோடு.

எழுத்துக்கூட்டலை நம்பவே கூடாது. ‘ஃபூட்’ (உணவு), ‘குட்’ (நல்ல), ‘ஃப்ளட்’ (வெள்ளம்) மூன்றிலும் நடுவில் இரண்டு ‘ஓ’தான். ஒலியோ மூன்று விதம். ‘ஃப்ளட்’ சேர்வது ‘மட்’ (சேறு), ‘ப்ளட்’ (இரத்தம்) ஆகியவற்றோடு. கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி எழுதுகிற பிள்ளைக்கு அந்த ‘மட்’ தானாகவே கைகொடுக்கும்.

இன்னொரு கவனம். ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதிவைத்து ரைம் பார்க்க வேண்டாம். ‘ரோட்’ (வீதி), ‘போட்’ (படகு) இரண்டும் தமிழில் ஒரே மாதிரி முடிகின்றன. ஆங்கிலத்தில் முதலாவது மெல்லிய ஒலியில் முடிகிறது, இரண்டாவது வல்லொலியில். ஆகவே அவை அரை ரைம். ‘ரோட்’டுக்கு முழு ரைம் ‘லோட்’ (சுமை). ‘போட்’டுக்கு ‘கோட்’ (மேலங்கி). வாய்விட்டுச் சொல்லிக் கேட்பதுதான் ஒரே பரிசோதனை.

சரி, தேடும் முறை. ‘ரெயின்’ (மழை) என்ற சொல்லின் முதல் மெய்யொலியை எடுத்துவிட்டால் ‘எயின்’ மிஞ்சும். கொப்பியில் அதை எழுதி, முன்னால் மெய்யொலிகளை அகரவரிசையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘செயின்’ (சங்கிலி), ‘கெயின்’ (ஆதாயம்), ‘லேன்’ (ஒழுங்கை), ‘பெயின்’ (வலி) என்று வரும். பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நல்ல சொற்கள் இரண்டு மூன்று மெய்கள் கூடும் இடத்தில்தான் கிடக்கின்றன: ‘பிளெயின்’ (சமவெளி), ‘ஸ்டெயின்’ (கறை), ‘டிரெயின்’ (வடிகாலும் சரி, ரயிலும் சரி), எல்லாவற்றுக்கும் மேலாக ‘கிரெயின்’ (தானியம்). அப்புறம் இரண்டு அசைச் சொற்கள்: ‘ரிமெயின்’ (எஞ்சியிரு), ‘எக்ஸ்பிளெயின்’ (விளக்கு).

இவ்வளவுக்கும் பொருந்தவில்லை என்றால் அரை ரைமுக்குப் போகலாம். உயிரொலியை அப்படியே வைத்து, கடைசி மெய்யை அதன் இனத்துக்குள் மாற்றுவது எளிய வழி. மூக்கொலிக்கு மூக்கொலி: ‘ரெயின்’ – ‘நேம்’ (பெயர்), ‘ஹோம்’ (வீடு) – ‘ஸ்டோன்’ (கல்). வல்லொலிக்கு வல்லொலி: ‘லேக்’ (ஏரி) – ‘லேட்’ (தாமதம்). மற்ற வழி, மெய்களை வைத்து உயிரை மாற்றுவது: ‘ஃபீல்ட்’ (வயல்) – ‘சைல்ட்’ (பிள்ளை). எனக்கு இந்த வகை மிகவும் பிடிக்கும். முழு ரைம் வரிசையாக வந்தால் சிறுவர் பாட்டுப் போலாகிவிடும் இடத்தில் இது அடக்கமாக நிற்கும். ஆனால் கவிதை முழுக்க முழு ரைமில் போய், ஒரே ஒரு இடத்தில் அரை ரைம் வந்தால் தடுக்கும். கலப்பதானால் தொடக்கத்திலேயே கலந்துவிட வேண்டும்.

இணையத்தில் தேடுவதானால் ‘ரைம்ஸோன்’ போதும். அது விடைகளை அசை எண்ணிக்கைப்படி பிரித்துத் தரும். அரை ரைமுக்குத் தனித் தெரிவும் உண்டு. மகளுக்குத் தெரிந்த சொற்களை மட்டும் பொறுக்கட்டும். இப்படியான கருவிகள் பலவற்றுக்கு அடித்தளம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி. அதில் 134,000க்கு மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. உச்சரிப்பு வட அமெரிக்காவுடையது. எங்கள் பாடசாலைகளில் படிப்பிப்பது பெரும்பாலும் பிரித்தானிய வழி. அந்த வழியில் ‘பாம்’ (பனை), ‘காம்’ (அமைதி), ‘ஃபார்ம்’ (பண்ணை) மூன்றும் முழு ரைம், ஏனென்றால் ‘ஃபார்ம்’ இல் ‘ர்’ ஒலிக்காது. அமெரிக்கர் அந்த ‘ர்’ ஐ உச்சரிப்பார்கள். எனவே பட்டியலில் இல்லை என்பதற்காகப் பனையையும் பண்ணையையும் பிரிக்க வேண்டாம்.

இனி உங்கள் மகளின் வரிக்கு வருவோம். நான் என்றால் ‘ஹார்வெஸ்ட்’டைக் கடைசியில் வைக்க மாட்டேன். அதை அடியின் நடுவுக்குத் தள்ளிவிட்டு, ரைம் நிறைய உள்ள சொல்லால் முடிப்பேன். அரிவு வெட்டு முடிந்து வீதியோரம் நெல் காயப்போட்டிருப்பதை அவள் பார்த்திருப்பாள்தானே?

ஆஃப்டர் த ஹார்வெஸ்ட், த ரோட்சைட் கிரெயின்
லைஸ் இன் த சன், அஃப்ரெயிட் ஆஃப் ரெயின்.

அறுவடைக்குப் பின், வீதியோர நெல் மழைக்குப் பயந்தபடி வெயிலில் கிடக்கிறது. இது மாதிரிக்குத்தான், வரியை அவளே எழுதட்டும்.

ஊர்ப்பெயர்களுக்கும் இதே வழிதான். இரணைமடு, கனகராயன் ஆறு, வவுனிக்குளம் எல்லாம் அடியின் தொடக்கத்திலோ நடுவிலோ இயல்பாக இருக்கும். கடைசியில் வைத்தால் ரைமுக்காக ‘இரணைமடூ’ என்று இழுக்க வேண்டி வரும். மேடையில் வாசிக்கும்போது முதலில் இடறுவதும் அந்த இடத்தில்தான்.