பிள்ளைக்கு எதில் கை வரும்? கேள்வி பதில்

சேலம் டவுனிலும் ஏற்காடு மலையிலுமாக முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளிகளில் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். "ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு விதமான அறிவு என்கிறார்களே, அதை வகுப்பில் எப்படிக் கண்டுகொள்வது?" என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டிருந்தார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அம்மாபேட்டை, ஒரு அம்மா: டீச்சர், எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. ஏழாவது படிக்கும் பையன் பள்ளி விட்டு வந்தால் தறிப் பக்கம்தான் நிற்பான். இழை அறுந்தால் அவன் அப்பாவுக்கு முன்னால் அவன் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் கணக்கில் 18 மார்க். "இவனுக்கு ஏறவே ஏறாது" என்று பள்ளியில் சொல்கிறார்கள். நிஜமாகவே மந்தமா?

மந்தம் இல்லைங்க. அத்தனை இழை ஓடுகிற பாவில் அறுந்த ஒன்றைப் பிடிக்கிற கண் எல்லோருக்கும் வாய்க்காது. ஒழுங்கு எங்கே கெடுகிறது என்று பார்க்கத் தெரிந்த பிள்ளை அவன். கணக்குக்கும் அதுதான் அடிப்படை. வீட்டில் இருக்கிற அந்தத் திறமையும் பள்ளிக்கூடத்துக் கணக்கும் இன்னும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை, அவ்வளவுதான்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நான் வேலை பார்த்தபோது ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வீட்டில் கொலுசு வேலை. கரும்பலகையில் 24 பெருக்கல் 7 எழுதிப் போட்டேன். அவள் நோட்டில் 1428 என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு ஜோடிக்கு 24 முத்து வைக்கிறாய், ஏழு ஜோடிக்கு எத்தனை முத்து எடுத்து வைப்பாய்?" என்று கேட்டேன். விரல்கூட மடக்கவில்லை. "ரெண்டு ஜோடிக்கு 48, நாலுக்கு 96, ஆறுக்கு 144, இன்னொரு ஜோடி சேர்த்தா 168 டீச்சர்" என்றாள். நோட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஏழு நாலு 28 என்று அப்படியே எழுதி, ஏழு ரெண்டு 14 என்று அதற்கு முன்னால் ஒட்டிவிட்டாள். அந்த 2 என்பது இருபது என்று தாளில் அவளுக்குத் தெரியவில்லை. பட்டறையில் 1428 முத்து என்று யாராவது சொன்னால் அவளே சிரித்திருப்பாள்.

இது சேலத்துப் பிள்ளைகளின் குணம் மட்டும் இல்லை. பிரேசிலில் ரெசிஃபே நகரத்துத் தெருவில் பொருள் விற்கும் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 1985இல் வந்தது. வியாபாரத்தில் சரியாகக் கணக்குச் சொன்ன பிள்ளைகள் அதே கணக்கைத் தாளில் கொடுத்தபோது திணறினார்கள். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்து 2025இல் வந்த ஆய்வும் இதையே சொல்கிறது. அதோடு, பள்ளிக் கணக்கு நன்றாகப் போடும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறியதையும் அது காட்டியது. ஒரு பக்கத்து அறிவு தானாக மறுபக்கம் நடந்து போகாது, யாராவது கூட்டிப் போக வேண்டும்.

நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியது இது. ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை, புடவை அகலம் எத்தனை அங்குலம், மொத்தம் எத்தனை இழை என்று தறி முன்னால் வைத்தே கேளுங்கள். வாயால் சொன்ன பிறகு, எந்த வழியில் சொன்னானோ அதே வழியில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று. தறியில் கெட்டிக்காரனாக இருக்கிறான், படிப்பை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

ஓமலூர், பி.எட். படிக்கும் மாணவர்: அறிவு வகைகள் ஏழா, எட்டா, ஒன்பதா? ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு எண் இருக்கிறது.

தம்பி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹோவர்டு கார்ட்னர் 1983இல் எழுதியபோது ஏழு: மொழி, தருக்கம்-கணிதம், இடம்-வடிவம், இசை, உடல்-அசைவு, பிறரை அறிதல், தன்னை அறிதல். பிறகு செடி கொடி விலங்குகளைப் பிரித்தறியும் இயற்கை அறிவைச் சேர்த்தார், எட்டாயிற்று. வாழ்வு, சாவு பற்றிய பெரிய கேள்விகளைக் கேட்கும் அறிவை ஒன்பதாவதாக யோசித்தார், முழுதாகச் சேர்க்கவில்லை. பரீட்சையில் இப்படி எழுதுங்கள்.

மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வெவ்வேறு திறன் சோதனைகளில் வரும் மதிப்பெண்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று ஸ்பியர்மன் என்ற உளவியலாளர் 1904இலேயே காட்டிவிட்டார். அதனால் உளவியலாளர்கள் பலர் கார்ட்னரின் எட்டும் தனித்தனி அறிவுகள் என்பதை ஏற்பதில்லை. என் அனுபவத்தில் அந்தப் பட்டியல், பிள்ளையை இன்னும் எங்கெல்லாம் பார்க்கலாம் என்று ஆசிரியருக்கு நினைவூட்டும். அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை எட்டு பெட்டியில் பிரித்துப் போட அது உதவாது.

ஆத்தூர், ஒரு அப்பா: பள்ளியில் விரல் ரேகை எடுத்து எந்த அறிவு எத்தனை சதவீதம் என்று சொல்லும் டி.எம்.ஐ.டி. டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

வேண்டாங்க. விரல் ரேகை தாய் வயிற்றிலேயே அமைந்துவிடுவது, அதை வைத்து அறிவைச் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அந்தப் பணத்துக்குப் பிள்ளைக்குக் கதைப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

முறையான அறிவுச் சோதனைகூடப் பிள்ளையைத் தரம் பிரிக்கப் பிறந்ததில்லை. பாரிஸில் 1905இல் பினேவும் சைமனும் முதல் சோதனையைச் செய்தது, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான்.

ஏற்காடு மலைக் கிராமம், ஒரு ஆசிரியை: என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள். கேள்வி கேட்டால் தலை குனிந்துகொள்கிறார்கள். வெளியே போனால் கலகலவென்று பேசுகிறார்கள். இவர்களுக்கு மொழித் திறன் குறைவு என்று எடுத்துக்கொள்வதா?

நல்ல வேளை, கேட்டீர்கள். நானும் மலைக்குப் போன முதல் வருடம் அப்படித்தான் முடிவு கட்டினேன், ஒரு வருடத்தை அந்தப் பிள்ளைகளுக்கு வீணாக்கினேன்.

மலையாளி என்று பெயர் இருந்தாலும் கேரளத்துக்காரர்கள் இல்லை. அவர்கள் பேசுவதும் தமிழ்தான், நம் பாடப் புத்தகத் தமிழ் இல்லை. கீழேயிருந்து வந்த ஆசிரியர் ஒரு முறை அவர்கள் சொல்லைத் திருத்திச் சிரித்தால் போதும், அந்த வருடம் முழுக்க வாய் திறக்க மாட்டார்கள். முதலில் அந்தச் சிரிப்பை நிறுத்த வேண்டும். அவர்கள் சொல்லையும் புத்தகச் சொல்லையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், இரண்டும் சரி என்று சொல்லுங்கள்.

இரண்டாவது, காத்திருப்பது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் அளந்து பார்த்தார். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளமாயின, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடிதானே என்று தோன்றும். வகுப்பில் நின்று பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

மூன்றாவது நான் கண்ணால் கண்டது. நாலாம் வகுப்பில் இலைகளைச் சேகரித்து வகைப்படுத்துங்கள் என்றேன். பாடத்தில் இருந்தபடி பெரியது, சிறியது, ஓரம் வெட்டியது என்று மற்றவர்கள் அடுக்கினார்கள். ஒரு பையன் மூன்று குவியல் வைத்திருந்தான். என்ன கணக்கு என்று கேட்டேன். பேசவில்லை. காத்திருந்தேன். "இது ஆடு திங்கும். இது பசியெடுத்தா மட்டும் திங்கும். இது தொடாது" என்றான். எனக்குப் புல்லரித்துவிட்டது. புத்தகம் கேட்டது வடிவத்தை மட்டும். அவன் குணத்தை வைத்துப் பிரித்திருந்தான், நடுவில் "பசியெடுத்தால் மட்டும்" என்று ஒரு வகையும் வைத்திருந்தான். அந்த மூன்று குவியலுக்கும் பெயர்ச்சீட்டு எழுதச் சொன்னேன். அவன் அந்த வருடம் தானாக எழுதிய முதல் வாக்கியம் "இத ஆடு தொடாது".

மிளகுக் கொடி சில்வர் ஓக் மரத்தில் எப்படி ஏறுகிறது, காப்பிப் பழம் எந்த நிறத்தில் பறிக்க வேண்டும், பச்சையாகப் பறித்தால் என்ன ஆகும், மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வீட்டில் என்ன செய்வார்கள்? இதையெல்லாம் கேளுங்கள். உங்களைவிட அவர்களுக்கு அதிகம் தெரிந்த விஷயத்தில் தொடங்கினால் தலை தானாக நிமிரும்.

சூரமங்கலம், ஒரு தாத்தா: பேரன் எந்நேரமும் மேசையில் தாளம் போடுகிறான். வாய்ப்பாட்டைப் பாட்டாகச் சொல்லிக் கொடுத்தால் கணக்கு வந்துவிடுமா?

வாய்ப்பாடு வரும், கணக்கு வராதுங்க ஐயா. பாட்டு நினைவில் நிறுத்தும், அவ்வளவுதான். எட்டு எட்டாகப் புளியங்கொட்டை அடுக்கி எண்ணிப் பார்த்தால்தான் பெருக்கல் புரியும். தாளத்தைத் தாளத்துக்காகவே வளரவிடுங்கள், பக்கத்தில் யாராவது மிருதங்கமோ பறையோ சொல்லிக் கொடுத்தால் சேர்த்துவிடுங்கள். எல்லாத் திறமையும் கணக்குப் பாடத்துக்கு வேலை செய்ய வேண்டும் என்று இல்லை.

அஸ்தம்பட்டி, ஒரு அம்மா: என் பெண் பார்த்தால்தான் படிப்பாள், கேட்டால் ஏறாது. பார்த்துப் படிக்கும் வகை, கேட்டுப் படிக்கும் வகை என்று இருக்கிறதாமே. டியூஷனிலும் படம் காட்டியே நடத்தச் சொல்லலாமா?

அப்படி வகை பிரித்துக் கற்பித்தால் கூடுதலாகப் படிப்பார்கள் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று உளவியலாளர்கள் நாலு பேர் ஆய்வுகளையெல்லாம் அலசி 2008இல் எழுதினார்கள். கார்ட்னரே, தான் சொன்னது வேறு, இது வேறு என்று விளக்கியிருக்கிறார். மேட்டூர் அணையைப் பற்றிப் பாடம் என்றால் வரைபடம் எல்லோருக்கும் வேண்டும். செய்யுள் என்றால் காதால் கேட்பது எல்லோருக்கும் வேண்டும். பாடத்துக்கு எது பொருந்துமோ அதைக் கேளுங்கள். கேட்டால் ஏறவில்லை என்பது உங்கள் மனதை உறுத்தினால் காது சரியாகக் கேட்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சங்ககிரி, ஒரு அப்பா: நாலாவது படிக்கும் மகன் கதை சொன்னால் ஊரே கேட்கும். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு வரிக்கு ஐந்து நிமிடம். எழுத்தைத் திருப்பிப் போடுகிறான். அவனுக்குப் பேச்சறிவு, எழுத்து வராது என்று விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். அறிவு வகைப் பேச்சு கெடுதல் செய்வது இந்த இடத்தில்தான். இது டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு தலைமையாசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்கக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகை கேட்கலாம். ஆனால் சலுகையைவிட இப்போது தேவை பயிற்சி. ஓசையையும் எழுத்தையும் சேர்த்துத் தினமும் கொஞ்ச நேரம், பொறுமையாக. அவன் சொல்லும் கதையை நீங்கள் எழுதுங்கள், அதையே அவன் படிக்கட்டும். தன் சொல் என்பதால் அடுத்த வார்த்தையை ஊகித்துவிடுவான். ஆகவே சில வார்த்தைகளைத் தனிச் சீட்டில் எழுதி இடம் மாற்றி வைத்தும் படிக்கச் சொல்லுங்கள்.

வாழப்பாடி, புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்: டீச்சர், நாற்பது பிள்ளைகள். ஒவ்வொருவரையும் எப்படிக் கவனிப்பது?

ஒரு குயர் நோட்டு போதும். ஒரு நாளைக்கு மூன்றே பிள்ளைகள், ஆளுக்கு ஒரு வரி. மூன்று வாரத்துக்குள் ஒரு சுற்று வந்துவிடும். செய்ததை எழுதுங்கள், எப்படிப்பட்டவன் என்று எழுதாதீர்கள். "சுறுசுறுப்பானவன்" என்று எழுதினால் அடுத்த மாதம் அதிலிருந்து ஒன்றும் எடுக்க முடியாது. "கபடியில் சண்டை வந்தது, இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுத் திரும்ப ஆடச் சொன்னான்" என்று எழுதினால் அவனைக் குழு வேலையில் எங்கே போடுவது என்று தெரியும். சத்துணவு வரிசை, மணி அடிப்பதற்கு முந்தைய பத்து நிமிடம், மழைக்கு ஒதுங்கிய நேரம்... நாம் எதுவும் சொல்லாதபோது பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்து வகுப்பென்றால் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பீர்கள். அது இன்று பிள்ளை நிற்கும் படி, பிள்ளையின் பெயர் இல்லை. தமிழில் அரும்பாக இருப்பவள் கணக்கில் மலராக இருப்பாள். "ஏய் அரும்பு, இங்கே வா" என்று கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். வயிறு எரிந்தது.

அம்மாபேட்டை அம்மாவே மறுபடியும்: அந்தக் கொலுசு வேலைப் பெண்ணுக்குக் கடைசியில் கணக்கு வந்ததா டீச்சர்?

வந்தது. அவள் சொன்ன வழியையே பலகையில் எழுதி, பக்கத்தில் இருபது ஏழு 140, நாலு ஏழு 28 என்று பிரித்துப் போட்டேன். இரண்டுக்கும் ஒரே விடை வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஜூலை முழுக்க ஒவ்வொரு கணக்குக்குப் பக்கத்திலும் பென்சிலால் முத்து வரைந்துதான் போட்டாள், நான் அழிக்கச் சொல்லவில்லை. அரையாண்டுக்குள் முத்து குறைந்தது. பொங்கல் லீவு முடிந்து வந்தபோது நோட்டில் எண்கள் மட்டும் இருந்தன, ஒரே ஒரு வகுத்தல் கணக்கைத் தவிர. அதற்கு மட்டும் ஓரத்தில் பன்னிரண்டு முத்து.