கொழும்பில் ஒருசந்தி பிடிக்க முடியுமா?

தம்பி, தூத்துக்குடியிலிருந்து வேலைக்கு வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்திருக்கிறீர்கள். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் நெருங்குகிறது, கடைச் சாப்பாட்டை நம்பி இங்கே ஒருசந்தி நோன்பும், இறைச்சி தொடாத சுத்தபோசனமும் முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். நானும் நம்மூர்தான். இங்கே எனக்கு இருபத்திரண்டு தவக்காலம் கழிந்துவிட்டது.

சட்டம் அங்கேபோலத்தான். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி. ஒரு வேளை முழுச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளையும் கொஞ்சம், இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாடு ஆகக் கூடாது. பெரிய வெள்ளி இங்கே அரசு விடுமுறை. திருநீற்றுப் புதன் வேலை நாள், அதனால் பூசை நேரத்தை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் தமிழ்ப் பூசை உண்டு.

கடைச் சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது மாசி, அதாவது காய்ந்த சூரை மீன். சம்பலிலும் சில கடைகளில் மரக்கறியிலும்கூட இடித்த மாசி விழும். திருச்சபை மீனைத் தடுக்கவில்லை. ஆனால் கடற்கரையில் வளர்ந்த நமக்கு இறைச்சியை விடுவது பெரிய காரியமா? மீனை விடுவதுதான் ஒறுத்தல். என் அம்மா நாற்பது நாளும் மீன் தொடமாட்டார். நான் வந்த முதல் வருடம், அம்மாவை நினைத்து மீனை விட்டிருந்தேன். பாதித் தவக்காலம் போன பிறகுதான் தினமும் தின்ற சம்பலில் மாசி இருப்பது தெரிந்தது. அன்று இரவு அழுகையே வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருசந்தி நாளில் நானே சமைக்க ஆரம்பித்தேன்.

நீங்களும் ஒன்றே ஒன்று பழகிக்கொள்ளுங்கள்: குரக்கன் பிட்டு. கடையில் கேழ்வரகு என்று கேட்டால் விழிப்பார்கள், இங்கே அது குரக்கன். குரக்கன் மா ஒரு கோப்பை, வறுத்த சிவப்பரிசி மா அரைக் கோப்பை, உப்பு. தண்ணீரை ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். தெளித்துத் தெளித்து விரல் நுனியால் உதிர்த்து வாருங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். ஈரம் கூடினால் களியாகிவிடும். கடைசியில் அரைக் கோப்பை தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்) கலந்து, பிட்டு அவிக்கும் ஓலைக் கூடையான நீத்துப்பெட்டியில் பத்துப் பதினைந்து நிமிடம் அவியுங்கள். மைசூர்ப் பருப்பைத் தேங்காய்ப்பால் விட்டு வைத்து, பக்கத்தில் ஒரு கைப்பிடி பிட்டு வைத்தால் இரவுக்கு அது போதும். குரக்கன் வயிற்றில் நின்று பேசும், நடு இரவில் பசி எழுப்பாது.

இன்னொன்று. ஈஸ்டர் பௌர்ணமியை ஒட்டி வருவதால் பெரிய வாரத்திலேயே பெரும்பாலும் ஒரு போயா, அதாவது பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை, வந்துவிடும். அன்று இறைச்சிக் கடைகள் பூட்டு. ஊரே நம்மோடு சேர்ந்து சுத்தபோசனம் இருப்பதுபோல எனக்குத் தோன்றும். 2017இல் சித்திரை வருடப்பிறப்பும் பெரிய வெள்ளியும் ஏப்ரல் 14, ஒரே நாள். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா பாற்சோறு கொண்டுவந்தார். இன்று எங்களுக்கு ஒருசந்தி என்றதும், "நாளைக்குப் புதிதாக வைத்துத் தருகிறேன்" என்று எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை சூடாகக் கொண்டுவந்தும் தந்தார்.

நீத்துப்பெட்டிக்கு அலைய வேண்டாம். வீட்டில் இரண்டு இருக்கிறது. ஞாயிறு பூசைக்குப் பிறகு வந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.