அம்மா ஏன் வாசப்படி தாண்ட மாட்டேங்கறாங்க?

அக்கா, வணக்கம். எங்கம்மாவுக்கு 72 வயசு. அப்பா போனப்புறம் ஊர்ல தனியா இருந்தவங்கள மேடவாக்கத்துக்கு எங்ககூடவே கூட்டிட்டு வந்துட்டோம். ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல. போன வருஷம் காய்கறி வண்டிகிட்ட தடுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சுது. கட்டு பிரிச்சு எட்டு மாசமாச்சு, கை நல்லாதான் இருக்கு, ஆனா அதுக்கப்புறம் கீழ இறங்கவே மாட்டேங்கறாங்க. கோயிலுக்குக் கூப்ட்டா முட்டி வலிங்கறாங்க, கல்யாணத்துக்குக் கூப்ட்டா வெயிலுங்கறாங்க. பகல் பூரா டிவிதான் துணை. வற்புறுத்தினா அழறாங்க. அவங்க இஷ்டத்துக்கு விட்டுடலாமா?
எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

விட்டுடாதீங்கம்மா. ஆனா வற்புறுத்துறத இன்னிக்கே நிறுத்திடுங்க.

எங்கம்மாவும் இப்படித்தான், மதுரைல அஞ்சு மாசம் வாசப்படி தாண்டல, தெருமுனைல இருக்கற பிள்ளையார் கோயிலுக்குக்கூட வரல, அவங்க ஒரு தடவ விழுந்ததால வந்த பயம்னே நாங்க எல்லாரும் நெனச்சுட்டு இருந்தோம். ஒரு நாள் ராத்திரி தலைக்கு எண்ணெய் தேச்சு விடும்போது, என் மூஞ்சியப் பாக்காம, சுவரப் பாத்துட்டே சொன்னாங்க. "அடக்க முடியலடி. போற எடத்துல பாத்ரூம் எங்க இருக்குமோனு அதே நெனப்பா இருக்கு." அஞ்சு மாசமா மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்காங்க, பெத்த பொண்ணுகிட்ட சொல்லக்கூட கூச்சம். அதுக்கு மருந்து இருக்கு, பயிற்சி இருக்கு, டாக்டர்கிட்ட போனதும் கொஞ்சம் கொஞ்சமா சரியாச்சு. அதனால முட்டி வலின்னு சொல்றத அப்படியே எடுத்துக்காதீங்க. கண்ணுல புரை இருக்கலாம், படி ஓரம் தெரியாம இருக்கலாம், பிரஷர் மாத்திரை போட்டு எந்திரிச்சா கிறுகிறுன்னு வரலாம், காது மந்தமாகி நாலு பேர் பேசறது புரியாம ஒதுங்கலாம். இதெல்லாம் அவங்களா சொல்ல மாட்டாங்க, நாமதான் ஒண்ணொண்ணா கேக்கணும்.

இன்னொண்ணு, இந்த வயசுல சும்மா தடுக்கி விழுந்ததுக்கே மணிக்கட்டு உடைஞ்சுதுன்னா எலும்பு வலு குறைஞ்சிருக்கானு டாக்டர்கிட்ட கட்டாயம் கேளுங்க. அப்படியே அவங்க செருப்பையும் திருப்பிப் பாருங்க. எங்கம்மாவோட ரப்பர் செருப்பு அடியில வரியெல்லாம் தேஞ்சு சோப்பு மாதிரி வழவழன்னு இருந்துச்சு, அதப் போட்டுட்டுதான் அத்தனை நாளும் நடந்திருக்காங்க.

பயத்துல உக்காந்தே இருந்தா தொடை சதை வலுவிழந்துடும், பேலன்ஸ் போயிடும், அப்புறம் நிஜமாவே விழ வாய்ப்பு அதிகமாகும், அந்தப் பயம் இன்னும் உள்ள தள்ளும். 65 வயசுக்கு மேல வாரத்துல 3 நாளாவது பேலன்ஸ், தசை வலுவுக்கான பயிற்சி செய்யணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. சுவரோரமா நாற்காலியப் போட்டு, பக்கத்துல நீங்க நின்னுக்கிட்டு, கைய ஊணாம எந்திரிச்சு உக்காரச் சொல்லுங்க, முடியலன்னா முதல்ல கைய ஊணியே செய்யட்டும். 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தர்றாங்க, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டுப் பாருங்க.

வெளிய போறதுன்னா எடுத்த எடுப்புல கல்யாணம், கோயில் கூட்டம்னு போகாதீங்க. ஒரு வாரம் கதவத் திறந்து வச்சு வாசல்ல நாற்காலி போட்டு உக்காரட்டும், எதிர் வீட்டுப் புள்ளைங்க ஏறி இறங்கறதப் பாக்கட்டும். அப்புறம் கைப்பிடியப் புடிச்சுட்டு ஒரு மாடி, அங்கயே ஒரு ஸ்டூல். அதுக்கப்புறம் கேட் வரைக்கும். சும்மா காத்து வாங்க வாங்கம்மான்னா வர மாட்டாங்க. ஊர்ல திண்ணைல உக்காந்தா தெருவே வந்து அவங்ககிட்ட பேசிட்டுப் போயிருக்கும், நாலு வீட்டு விசேஷத்துக்கு அவங்களக் கேட்டுத்தான் செஞ்சிருப்பாங்க, இங்க அவங்கள யாருக்கும் தெரியாது, அவங்களால ஆகவேண்டிய காரியமும் ஒண்ணுமில்ல. அதனால வேலையக் குடுங்க. எங்கம்மாகிட்ட பத்து ரூபாயக் குடுத்து, கீழ கீரைக்காரம்மா நிக்கறாங்க, கறிவேப்பிலை வாங்கணும், எனக்குப் பாத்து வாங்கத் தெரியலம்மான்னு சொன்னேன். ஒரு படிக்கு ரெண்டு காலையும் வச்சு வச்சு இறங்கினாங்க, நான் பின்னாடியே போனேன், கையப் புடிக்கல. அரை மணி நேரம் நின்னு பேசிட்டு அந்தம்மாவோட பொண்ணு எந்த காலேஜ்ல படிக்குதுங்கற வரைக்கும் தெரிஞ்சுட்டு வந்தாங்க.

நீங்க ஆபீஸ்ல இருக்கறப்போ அவங்களுக்கு மனசு சரியில்லன்னா எல்டர்லைன்ங்கற முதியோர் உதவி எண் 14567க்கு போன் பண்ணிப் பேசலாம், காசு கிடையாது, காலைல 8லேருந்து ராத்திரி 8 வரைக்கும் இருக்கும். நம்பரப் பெரிய எழுத்துல எழுதி போன் பக்கத்துல ஒட்டிடுங்க.

இந்த ஞாயித்துக்கிழமை டிவிய நிறுத்திட்டு அம்மாவுக்குத் தலைக்கு எண்ணெய் வச்சு விடுங்க. அவசரப்படாம மெதுவா கேளுங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க.