எடை குறைந்த சிசுவும் டாப்ளர் ஸ்கேனும்: வாசகர் கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவர் பதில்

கேள்வி: என் மகளுக்குத் தலைப்பிரசவம். 32 வாரம் முடிந்துவிட்டது; வளைகாப்புக்குப் பின் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். சென்ற வாரம் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் எடை 1,550 கிராம், வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை என்று வந்தது. ரத்த ஓட்டம் சரியாக இருப்பதாகவே எழுதியிருந்தும், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் டாப்ளர் எடுக்கச் சொல்கிறார் மருத்துவர். சரியாக இருப்பதை ஏன் மறுபடி பார்க்க வேண்டும்? இத்தனை ஸ்கேன் பிள்ளைக்கு ஆகாது என்கிறார்கள் சம்பந்தி வீட்டில்.
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மருத்துவர் சொன்ன தேதியில் தவறாமல் எடுத்துவிடுங்கள். ஸ்கேனில் வரும் எடை தராசில் நிறுத்த எடையன்று. தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றின் அளவுகளைச் சூத்திரத்தில் இட்டுக் கணித்த மதிப்பீடு. அதில் 10 முதல் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ வாய்ப்புண்டு என்பதால், இரண்டு வார இடைவெளியாவது விட்டு அளந்தால்தான் உண்மையான வளர்ச்சி தெரியும். வாரக்கணக்கே தவறாக இருந்துவிடலாம் என்பதால், மூன்றாம் மாதத்துக்குள் எடுத்த முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஒரே வாரக்கணக்குள்ள 100 சிசுக்களை எடை வரிசையில் வைத்தால், கடைசிப் பத்துக்குள் வருபவற்றைச் சிறிய குழந்தைகள் என்கிறோம். அவற்றுள் பல, பெற்றோரின் உடல்வாகைக் கொண்டு இயல்பாகவே சிறியவை. சில மட்டுமே நஞ்சுக்கொடியிலிருந்து போதிய ஊட்டம் கிடைக்காமல் தேய்பவை. இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவதுதான் டாப்ளர்.

நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறும் என்று கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் கூறிய கோட்பாட்டின்படி, ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியைக் கொண்டு ஓட்டத்தை அறிகிறோம். தொப்புள்கொடியின் இரு தமனிகளும் சிசுவின் ரத்தத்தை நஞ்சுக்கொடிக்குக் கொண்டுசெல்கின்றன. நஞ்சுக்கொடி நலமாக இருந்தால் அங்கே தடை குறைவு. ஆகவே சிசுவின் இதயம் இரு துடிப்புகளுக்கிடையே தளரும் கணத்திலும் ரத்தம் முன்னோக்கியே ஓடும். நஞ்சுக்கொடியின் நுண்குழாய்கள் பழுதாகப் பழுதாக அந்தத் தளர்வுக்கால ஓட்டம் மெலிந்து, பிறகு நின்று, முற்றிய நிலையில் பின்னோக்கியும் திரும்பும். (திரையில் தெரியும் சிவப்பும் நீலமும் நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்பதைக் குறிப்பன அல்ல, கருவியை நோக்கி வருவது ஒரு நிறம், விலகிச் செல்வது மற்றொரு நிறம், அவ்வளவுதான்.)

உங்கள் கேள்விக்கான விடை இனிமேல்தான் இருக்கிறது. 32 வாரத்துக்குப் பின் தொடங்கும் வளர்ச்சிக் குறைவில், தொப்புள்கொடி ஓட்டம் இயல்பாகவே காட்டிக்கொண்டிருக்க, ஊட்டக் குறைவை உணர்ந்த சிசு தன் மூளைக்கு மட்டும் கூடுதல் ரத்தத்தைத் திருப்பத் தொடங்கலாம். அதனால் மூளைத் தமனியையும் சேர்த்துப் பார்க்கிறோம். மேலும், இன்றைய நல்ல ரிப்போர்ட் இன்றைய நிலையைத்தான் சொல்லும்.

பாலும் பழமும் கூடுதலாகக் கொடுப்பதால் பழுதான நஞ்சுக்கொடி சரியாகிவிடாது. அதைச் சீராக்கும் மருந்தும் இன்றில்லை. இந்தக் கண்காணிப்பெல்லாம் பிரசவத்துக்கு உரிய நாளைத் தேர்ந்தெடுப்பதற்காகவே. 34 வாரத்துக்கு முன்பே எடுக்க நேரும் என்று தெரிந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடவும் அவகாசம் கிடைக்கும்.

ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, ஒலி அலைதான். காரணமின்றி முதல் மூன்று மாதங்களில் டாப்ளரைத் தவிர்க்கிறோமே தவிர, இப்போது தேவைக்கு எடுப்பதில் அச்சம் வேண்டாம் என்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்லுங்கள். அச்சப்பட வேண்டியது வேறொன்று: குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தாய்க்குத் தலைவலியும் பார்வை மங்கலும் வந்தாலோ, ஸ்கேன் தேதிக்குக் காத்திராமல், இரவானாலும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற மகப்பேறு மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மனைவிக்கு 28 வாரம். பிரஷர், சர்க்கரை இல்லை. குழந்தை வளர்ச்சியும் சரி என்கிறார்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கலர் டாப்ளர் எடுக்கிறார்களே, நாங்களும் எடுக்கலாமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: வேண்டியதில்லை. ரத்த அழுத்தம், இரட்டைக் கரு, முந்தைய குழந்தை எடை குறைந்து பிறந்தது போன்ற காரணங்கள் உள்ளவர்களிடம் தொப்புள்கொடி டாப்ளர் சிசு மரணத்தைக் குறைக்கிறது. சிக்கலில்லாத கர்ப்பத்தில் வழக்கமாக எடுப்பதால் அத்தகைய பயன் ஆய்வுகளில் தெரியவரவில்லை. ஒவ்வொரு செக்கப்பிலும் ரத்த அழுத்தத்தையும் கர்ப்பப்பை உயரத்தையும் அளக்கச் செய்யுங்கள். அதில் குறை தென்பட்டால் மருத்துவரே டாப்ளருக்கு எழுதித் தருவார்.