மீனில்லாத குழம்பு: காவிரியை விருந்தாகப் பரிமாறுவது எப்படி?

கேள்வி: கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியராக இருக்கிறேன். காவிரி மாறிவிட்ட விதத்தை 25 மாணவர்களுக்கு ஒரு சோதனை விருந்தின் வழியாக உணர்த்த விரும்புகிறேன். ஆற்று மீனையே பிடித்துச் சமைக்கலாமா? இலையில் வேறு எதை வைப்பது?

பதில்: ஆற்றில் பிடித்த மீன் வேண்டாம். ஊர்ச் சாக்கடையும், மேலே நொய்யல் ஆறு கொண்டுவந்து சேர்க்கும் சாயக்கழிவும் கலந்த நீரில் வளர்ந்த மீனின் உடலில் என்ன படிந்திருக்கிறது என்பதை நாக்கு கண்டுபிடிக்காது. நாக்கால் அறியக்கூடிய மாற்றத்தை மட்டும் இலைக்குக் கொண்டுவாருங்கள்.

முதலில் உல்லம் மீன் குழம்பு, ஆனால் மீன் இல்லாமல். உல்லம் கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் புதுவெள்ளத்தை எதிர்த்து ஆற்றில் ஏறும் மீன். 1836-இல் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே எழுந்த கீழணை அதன் வழியை மறித்தது. 1934-இல் முடிந்த மேட்டூர் அணையோ, அது நம்பியிருந்த வெள்ளத்தையே தேக்கிப் பாசனக் கணக்குப்படி திறந்துவிடத் தொடங்கியது. வங்கத்திலிருந்து உல்லத்தை வரவழைத்துப் போட்டுவிடலாமே என்று தோன்றும். அது ருசியாக இருக்கும், காவிரியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. புளிக்குழம்பை வெறுஞ்சோற்றில் ஊற்றுங்கள், மீன் எங்கே என்று கேட்கட்டும். அடுத்து ஜிலேபி மீன் வறுவல் வரட்டும்: ஆப்பிரிக்க மீனான இது 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று நம் ஆறு, ஏரி, குளம் எங்கும் பரவியிருக்கிறது. வளர்ப்புக் குளத்து மீனாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது உப்புச் சோதனை. ஆற்றுநீர் கடைமடைக்கு வருவது குறையும்போது கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறுகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து விவசாயிகள் இதை நன்கு அறிவார்கள். வடிகஞ்சியை மூன்று குவளைகளில் ஊற்றி, ஒன்றை உப்பில்லாமலும், ஒன்றை லிட்டருக்கு 2 கிராம் உப்போடும், ஒன்றை 6 கிராம் உப்போடும் கொடுங்கள். கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் இருக்கும். இரண்டாவது குவளையைக் குடிப்பவர் ‘உப்புப் பற்றவில்லை’ என்பார்; நெற்பயிரோ அந்த அளவிலேயே தளரத் தொடங்கிவிடும். மூன்றாவது ஏறத்தாழ நம் வீட்டு ரசத்தின் உப்பு, அதில் பயிர் தேறுவது அரிது. உப்பின் அளவைக் குடித்து முடித்த பிறகே சொல்லுங்கள்.

விருந்தை ஆடிப்பெருக்கை ஒட்டி வைப்பது பொருத்தம். ஆற்றங்கரையில் சித்திரான்னம் உண்ணும் வழக்கமே வெள்ளத்தை வரவேற்ற விருந்துதான். ஜூன் 12 என்ற வழக்கமான நாளில் மேட்டூர் திறக்கிறதா என்பதைப் பொறுத்தே இன்று அந்தப் பெருக்கு அமைகிறது. எனவே கடைசியாகப் புளியோதரையைப் பரிமாறி, அந்த ஆண்டு மேட்டூர் எந்த நாளில் திறந்தது என்பதை ஒரு சீட்டில் எழுதி இலையோரம் வையுங்கள்.

வயதான உள்நாட்டு மீனவர் ஒருவரையும் அழையுங்கள். அவருக்கும் இலை போட்டு, அன்றைய கூலியையும் கொடுத்துவிடுங்கள். மீனில்லாக் குழம்பு வந்த பிறகு அவர் பேசினால் போதும்.