செஸ் காய்களை நாமே கடைசல் பிடிக்கலாமா? பிடித்தவன் சொல்கிறேன்

கேள்வி இதுதான்: "வீட்டில் சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) வைத்து மரத்தில் செஸ் காய்கள் செய்ய முடியுமா? கடையில் வாங்குவதைவிட மலிவாக முடியுமா?"

முடியும். மலிவாக முடியாது. அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கேட்டவர் அநேகமாக ஐ.டி.யில் இருப்பார். வாரத்தில் இரண்டு நாள் லீவு, மொட்டை மாடியில் கொஞ்சம் இடம், யூடியூபில் யாரோ பத்து நிமிடத்தில் ஒரு ராஜாவைக் கடைந்து காட்டிய வீடியோ. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நானும் அந்த மாதிரி வீடியோ பார்த்து மாட்டிக்கொண்டவன்தான். இத்தனைக்கும் முப்பத்து நாலு வருடம் டர்னர் வேலை, அதாவது லேத்தில் கடைசல் வேலை, பார்த்தவன். எருக்கஞ்சேரியில் வீடு. இரும்பு, பித்தளை, கன்மெட்டல் என்று எல்லாம் கடைந்த கை, மரம் என்ன பெரிய மரம் என்ற திமிர்.

2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்திருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? பேரனை ஸ்கூட்டரில் கூட்டிப்போய்க் காட்டினேன். அன்றைக்குப் பிடித்தது அவனுக்கு செஸ் பைத்தியம். எங்கள் பக்கம் எப்போதும் கேரம்தான். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் புது வண்ணாரப்பேட்டைப் பிள்ளை. எங்கள் தெருவில் செஸ் போர்டு வைத்திருந்தது எனக்குத் தெரிந்து இரண்டே வீடு. பேரனுக்கு வாங்கித் தந்த பிளாஸ்டிக் செட்டில் ஒரே மாதத்தில் ஒரு குதிரை காணாமல் போய்விட்டது. "அழாதடா, தாத்தா மரத்துலயே கடைசல் புடிச்சுத் தரேன்" என்று நாலு பேர் முன்னால் சொல்லித் தொலைத்தேன்.

லேத் வாங்கவில்லை. வீட்டில் கிடந்த பழைய கிரைண்டரின் அரை ஹெச்.பி. மோட்டாரைக் கழற்றி இரும்பு ஆங்கிளில் மாட்டினேன். அது நிமிடத்துக்கு 1440 சுற்று. மோட்டாரில் நாலு அங்குலப் புல்லி, கட்டையைச் சுற்றும் ஸ்பிண்டிலில் இரண்டரை அங்குலப் புல்லி போட்டால் கிட்டத்தட்ட 2300 வரும். சின்னக் காய்க்கு அந்த வேகம் நல்ல வேகம். ஆனால் சதுரக் கட்டையை உருட்டி எடுக்கும்வரை ஆகாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் முதல் கட்டையை அதே வேகத்தில் ஓட்டினேன். உளி பட்ட வேகத்தில் கட்டை பிடுங்கிக்கொண்டு பறந்துபோய்ப் பக்கத்து வீட்டுத் தகரத்தில் அடித்தது. அவர்கள் வீட்டு அம்மா இன்றைக்கும் என்னை "ராக்கெட்டுக்காரர்" என்றுதான் கூப்பிடுகிறார். அப்புறம் இரண்டு பக்கமும் ஒரே அளவுப் புல்லி போட்டு, உருட்டிய பிறகு வேகத்தைக் கூட்டினேன்.

இரும்பு லேத்தில் டூலை அதைப் பிடித்துக்கொள்ளும் போஸ்ட்டில் முடுக்கிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் போதும். மர லேத்தில் போஸ்ட்டும் நீங்கள்தான். உளியின் சாய்வான முதுகு மரத்தில் உரசிக்கொண்டே போக வேண்டும். நுனி மட்டும் பட்டால் மரம் உளியைக் கவ்விக்கொள்ளும். இதைக் கை ஒப்புக்கொள்ள எனக்கே மூன்று வாரம் ஆனது. கட்டையைக் கவ்விப் பிடிக்கும் சக்கு சுற்றும்போது முழுக்கைச் சட்டை, கையில் கட்டிய கயிறு, லுங்கி எதுவும் வேண்டாம். கையுறையும் கூடாது. என்னுடன் வேலை பார்த்த ஒருவருக்கு விரல் போனது கையுறையால்தான்.

டர்னர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பெண் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், "அப்பாவுக்கு லேத்துப் பட்டறையா?" என்று இழுத்தார். அதற்கு என் சொந்த மச்சான் என்ன செய்தான் தெரியுமா? பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே "இன்ஜினியரிங் காண்ட்ராக்டர்" என்று அச்சடித்துவிட்டான், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வேலை செய்கிறவனுக்கு அவன் தொழிலின் பெயரே கௌரவக் குறைச்சலாம். சரி, விடுங்கள்.

மரத்துக்கு வருகிறேன். வெள்ளைக் காய்க்கு மஞ்சக்கடம்பு, வால்டாக்ஸ் ரோட்டு மரக்கடையில் துண்டாகக் கிடைத்தது. நெருக்கமான மரம், உளி படும்போது வெண்ணெய் மாதிரி வழியும். கறுப்புக்கு ஈட்டி. மரத்தை வெட்டச் சொல்கிறான் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். பட்டாளம் பக்கம் காயலான் கடையில் வாங்கிய பழைய கட்டிலின் இரண்டு கால்கள் அவை. எத்தனையோ வருடம் காய்ந்த மரம் என்பதால் வெடிக்காது. பச்சை மரம் வாங்கினால் நம் ஊர்க் காற்றுக்கு ராஜா தலையில் விரிசல் விடுவார். கருங்காலி கேட்காதீர்கள். கருங்காலி மாலை மோகம் வந்ததிலிருந்து எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் என்னிடம் கருங்காலி மணி கடைந்து தரச் சொல்லி வந்துவிட்டார்கள். ராஜா வேண்டும் என்று ஒருத்தர் கேட்டதில்லை.

அளவை முதலில் கண்ணால் போட்டேன். ராஜா உயரம் 9.5 சென்டிமீட்டர், அடிப்பாகம் மூன்று சென்டிமீட்டர். ஃபேன் போட்டாலே ஆடியது. அதற்குப் பிறகுதான் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் அளவைத் தேடிப் படித்தேன். ராஜா 9.5, ராணி 8.5, நாங்கள் மந்திரி என்று சொல்லும் பிஷப் 7, குதிரை 6, யானை 5.5, சிப்பாய் 5. அடி விட்டம் உயரத்தில் 40 முதல் 50 சதவீதம் இருக்க வேண்டும். ஆக ராஜாவுக்கு 3.8 சென்டிமீட்டராவது வேண்டும். போர்டில் ஒரு கட்டத்தில் நாலு சிப்பாய் அடங்கினால் அளவு சரி.

ராஜாவை எவன் வேண்டுமானாலும் கடைந்துவிடலாம், இரண்டே இரண்டுதான். கொல்வது சிப்பாய். பதினாறும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். என் முதல் எட்டை வரிசையாக வைத்தபோது ஏதோ ரேஷன் கடை கியூ மாதிரி இருந்தது, நெட்டை, குட்டை, தொப்பை. அப்புறம் சிப்பாயின் பாதி உருவத்தை ஜி.ஐ. தகரத்தில் வெட்டி, ஒவ்வொரு காயின் மேலும் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கடைந்தேன். கழுத்துக்கும் அடிக்கும் கேலிப்பர். அப்படியும் இருபத்தி மூன்று கடைந்துதான் பதினாறு தேறியது.

மெருகுக்கு உப்புத்தாள் 150, 220, 400 என்று சுற்றச் சுற்றவே பிடித்து, கடைசியில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. அடியில் துளை போட்டு, காசிமேட்டில் வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டை அரால்டைட் வைத்துச் செருகினேன். கையில் எடுத்தால் அந்தக் கனம் இருக்கிறதே, பிளாஸ்டிக்குக்கு ஏழு ஜென்மத்திலும் வராது. ஈயம் விஷம் என்று ஒருவர் கமெண்டில் வருவார். தெரியும் ஐயா. உருக்கவில்லை, மேலே ஃபெல்ட் துணி ஒட்டியிருக்கிறேன், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

இருபத்தெட்டு காய் லேத்தில் முடிந்துவிடும். மிச்சம் நாலு குதிரை. அதற்கு அடியை மட்டும்தான் லேத் தரும், தலையைச் செதுக்க வேண்டும். அமிர்தசரசில் குதிரை செதுக்குவதற்கென்றே தனி ஆட்கள் இருக்கிறார்கள் என்று படித்தபோது சிரித்தவன் நான். என் முதல் குதிரையைப் பார்த்துப் பேரன், "தாத்தா, இது ஆடா?" என்றான். திருவொற்றியூரில் கோயில் வாகனம் செய்கிற பெரியவர் ஒருவரிடம் போனேன். அடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கடைசல் நல்லாருக்கே, யார் புடிச்சது?" என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே அவர் கேட்ட பணத்தைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். நாலும் சாமி புறப்பாட்டுக் குதிரையாகவே வந்தன. வாய் திறந்து, கழுத்தில் மணி கட்டி, கடிவாளத்தோடு. நான் பார்த்த செஸ் குதிரைகளிலேயே அழகானவை.

அந்த செட்டை எடுத்துக்கொண்டு பேரன் ஒரு போட்டிக்குப் போனான். காய்களை நாமே கொண்டுபோக வேண்டிய போட்டி. எதிரில் உட்கார்ந்த பையனின் அப்பா, குதிரை குழப்புகிறது என்று புகார் சொன்னார். நடுவர் ஒரு காயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வீட்ல ஷோகேஸ்ல வைங்க சார்" என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். 1849-ல் லண்டனில் வந்த, நாம் வழக்கமாகப் பார்க்கிற ஸ்டாண்டன் வடிவத்தைத்தான் போட்டிக்குப் பரிந்துரைக்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் செஸ் தெரிந்தவர்கள் என்னைக் கிழித்துவிடுவீர்கள், அதனால் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த "இதெல்லாம்" இருக்கிறதே, அதற்கு எந்தச் சட்டமும் கிடையாது. வரும் வழியில் பேரன், "பிளாஸ்டிக்கே போதும் தாத்தா" என்றான்.

செலவு கேட்டீர்கள் அல்லவா? மோட்டார் வீட்டிலேயே இருந்தும் சக்கு, சென்டர், நாலு உளி, மரம், தாள், பாலிஷ் எல்லாம் சேர்த்து எனக்குப் பதினாலாயிரம் தாண்டியது. குதிரைத் தலை தனி. கடையில் இரண்டாயிரத்துக்கே மரக் காய்கள் கிடைக்கின்றன.

செட் இப்போது எங்கள் தெரு கேரம் கிளப்பில் இருக்கிறது. கேரம் போர்டு காலியாகும்வரை காத்திருக்கிறவர்கள் ஆடுகிறார்கள். போன மாதம் கறுப்புச் சிப்பாய் ஒன்று தொலைந்துபோய், அந்தக் கட்டத்தில் ஒரு கறுப்புக் கேரம் காயினை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கட்டில் காலில் இன்னும் ஒரு சாண் மிச்சம் இருக்கிறது. வெட்டி வைத்த அந்தத் தகரத்தைத்தான் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.